இரண்டு நூலும் சேர்ந்த இடம்

ஆறாம் வகுப்பில் எங்கள் தெருவை வரைந்து கொண்டுபோய்க் காட்டியபோது, டிராயிங் மிஸ் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க தெருவுல வெள்ளம் வந்துச்சாம்மா?" என்று கேட்டார். மழை எட்டிக்கூடப் பார்க்காத அச்சங்குளத்தைப் பற்றிக் கேட்கிற கேள்வியா அது என்று எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் படத்தைப் பார்த்தால் அவர் கேட்டதில் தவறில்லை. வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. சாலை ஏணியைப் போல எழுந்துபோய் மேகத்தில் சாய்ந்து நின்றது. மின்கம்பங்கள் மட்டும் எல்லாம் ஒரே உயரம். அதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன், ஸ்கேல் வைத்து அளந்து போட்டிருந்தேன்.

மிஸ் சிவப்புப் பேனாவை எடுத்துத் தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். "ரோட்டோட ரெண்டு ஓரமும் இங்க வந்து சேரணும். கூரை, கம்பி, எல்லாக் கோடும் இங்கதான் வரணும். புரியுதா?" என்றார். புரியவில்லை என்று நான் சொல்வதற்குள் பெல் அடித்துவிட்டது. அடுத்த வாரமே அவர் பிரசவத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தப் பள்ளியில் படம் வரையத் தெரிந்த இன்னொரு ஆள் கிடையாது. எனக்கு மிஞ்சியது அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும்தான்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். அம்மா பட்டாசுக் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து, முழங்கை வரைக்கும் படிந்திருந்த வெள்ளித் தூளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, "ரோட்டோட ரெண்டு ஓரமும் சேந்துச்சுன்னா லாரி எப்படிடி போவும்?" என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

அந்தச் சமயத்தில் மாமா எங்கள் வீட்டில் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. தாத்தாவும் ஆச்சியும் சீக்கிரமே போய்விட்டதால் அவரை வளர்த்தது அம்மாதான். பட்டாசுப் பெட்டிகளை லாரியில் ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டுகிற வேலை அவருக்கு. தீபாவளி சீசனில் ஒரு நாள் அப்படி இழுக்கும்போது கயிற்றின் இரும்புக் கொக்கி நழுவித் தெறித்து அவருடைய இடது புருவத்தில் அடித்தது. மூன்று தையல். காயம் பதினைந்து நாளில் ஆறிவிட்டது. கண்ணில் ஒரு சிவப்புக்கூட இல்லை. ஆனால் கண்ணுக்குப் பின்னால் இருந்த நரம்பு செத்துப்போய்விட்டது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று பார்க்கும், மற்றது சும்மா இருக்கும்.

துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில், "எந்தக் கம்பெனி வெடியில போச்சு?" என்றுதான் கேட்டார்கள். கயிற்றுக் கொக்கி என்று அம்மா சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். எங்கள் பக்கத்தில் கண் போவதற்கென்று ஒரு முறை இருக்கிறது, மாமா அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை என்பதுபோல.

அதற்குப் பிறகு கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு ஒட்டுகிற வேலை கொடுத்தார்கள். மற்ற நேரத்தில் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒற்றைக் கண்ணுக்கு ஒரு பொருள் கிட்டத்தில் இருக்கிறதா, கொஞ்சம் தள்ளி இருக்கிறதா என்று சட்டென்று பிடிபடாது. சொம்பிலிருந்து தண்ணீரை டம்ளருக்கு ஒரு விரல் இந்தப் பக்கமாக ஊற்றுவார். அம்மா துடைத்துவிடுவாள். சில சமயம், "இந்த டம்ளரு எழவு எங்கன வச்சாலும் நகருது" என்று டம்ளரைத் திட்டுவாள்.

மாமாவிடம் சிவப்புப் புள்ளியைக் காட்டினேன். அவர் அதைக் கிட்டே வைத்தும் தள்ளிப் பிடித்தும் பார்த்தார். பிறகு, "ரெண்டு ஓரமும் எங்கனயாச்சும் சேருதான்னு போய்ப் பாத்தாத்தானே தெரியும்?" என்று எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு தார்ச்சாலை கரிசல் காட்டுக்குள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். இரண்டு பக்கமும் பட்டாசு அறைகள், ஒன்றைவிட்டு ஒன்று தள்ளித் தள்ளி, பேசிக்கொள்ளாத சொந்தக்காரர்கள் மாதிரி நிற்கும். விடுமுறை என்பதால் ஆள் சத்தம் இல்லை. களத்தில் காயப்போட்டிருந்த காகிதக் குழாய்கள் சிவப்பும் பச்சையுமாகக் கிடந்தன. காற்று நின்றுபோயிருந்தது. வேப்பமரங்களின் நிழல் மரத்தடியிலேயே சுருண்டு கிடந்தது. தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாலையின் இரண்டு ஓரமும் நிஜமாகவே ஒட்டிக்கொண்டு, கூர்மையாக, பென்சில் முனை மாதிரி முடிந்தது.

"அந்தா சேருது மாமா!" என்றேன்.

நடந்தோம். தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாலை பழையபடி அகலமாகவே இருந்தது. இரண்டு ஆடுகள் அதைத் தாராளமாகக் குறுக்கே கடந்து போயின. புள்ளி அதற்கும் அப்பால், ஒரு பனைமரத்தடியில் போய் உட்கார்ந்திருந்தது. பனைமரத்துக்குப் போனோம். அது ஒரு செங்கல் சூளைக்குப் போய்விட்டது. வெயிலில் தார் மினுங்கி, தூரத்துச் சாலை தண்ணீர் மாதிரி நெளிந்தது. அந்தப் புள்ளி எங்களைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து ஓடுகிறது என்றே எனக்குத் தோன்றியது. ஊர் பின்னால் எங்கோ போய்விட்டது. எவ்வளவு நேரம் அப்படி நடந்தோமோ, தூக்கத்தில் நடந்த மாதிரிதான் இப்போது நினைவிருக்கிறது.

"நாம நடக்க நடக்க அதுவும் நடக்குது தாயி," என்றார் மாமா.

கால் வலித்து ஒரு ஓடைப்பாலத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் நான் அதைக் கவனித்தேன். நடந்து வரும்போது, வானமும் காடும் தொட்டுக்கொள்ளும் கோடு பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு மேலே தெரிந்தது. உட்கார்ந்ததும் சுவர் மறைத்துவிட்டது. எழுந்து நின்றேன், கோடு மேலே வந்தது. உட்கார்ந்தேன், கீழே போனது. மாமாவும் எழுந்தும் உட்கார்ந்தும் பார்த்தார். என்னைத் தூக்கிச் சுவர்மேல் நிறுத்தினார். கோடு என்கூடவே ஏறி வந்தது. அந்த வழியாக சைக்கிளில் போன ஒருவர், நாங்கள் மாறி மாறித் தோப்புக்கரணம் போடுவதைப் பார்த்துவிட்டு இறங்கி நின்று, "என்னப்பா, எதுவும் வேண்டுதலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"இந்தக் கோடு நம்ம கண்ணு ஒசரத்துலதான் நிக்கிது," என்றார் மாமா மெதுவாக. "ரோடு போய்ச் சேர்ற எடமும் அதுமேலதான் இருக்கு, பாரு."

"அப்ப ஒங்களுக்கு ஒரு கோடு, எனக்கு ஒரு கோடா மாமா?"

"ஆளுக்கொண்ணு."

"ஆட்டுக்கு?"

"ஆட்டுக்கு ஆட்டு ஒசரத்துல ஒண்ணு."

வானம் முடியும் இடம் எல்லோருக்கும் பொதுவாக அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆளாளுக்கு ஒன்றைக் கூடவே கொண்டுபோகிறோம் என்பது எனக்குத் தலை சுற்றுகிற சந்தோஷமாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் குனிந்தும் நிமிர்ந்தும் வானத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் மாமா அம்மாவின் நூற்கண்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரு நேராகப் போய்க் காட்டில் முடியும். நான் முக்காலியில் உட்கார்ந்து நாடியை ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டேன். என் கண் உயரத்தில் கம்பிக்குக் கம்பி குறுக்கே ஒரு நூல். அதுதான் அடிவானம். பிறகு தெருவின் இடது ஓரத்தோடு ஒட்டிப்போகிற மாதிரி ஒரு நூல், வலது ஓரத்துக்கு ஒரு நூல். "கொஞ்சம் மேல மாமா, இன்னும் கொஞ்சம்" என்று நான் சொல்லச் சொல்ல மாமா கட்டினார். இரண்டும் குறுக்கு நூலில் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. அங்கே மிஸ் வைத்த புள்ளி, சிவப்பு மட்டும் இல்லாமல், இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். தெருவைப் பார்த்தால் நூல் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணை மூடினால்தான் ஒற்றை நூலாக நின்றது. மாமாவை உட்காரவைத்து, "ஒத்தக் கண்ண மூடிப் பாருங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மாமா இரண்டு கண்ணையும் அகலத் திறந்து பார்த்தார். "எனக்கு மூட வேண்டியதே இல்லையே!" என்று சொல்லிச் சிரித்தார். ஆறு மாதத்தில் அந்த வீட்டில் அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்து எங்களைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் திரும்பிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நோட்டு நோட்டாக வரைந்தேன். எங்கள் தெரு ஒழுங்காகத் தரையில் படுத்துக்கொண்டது. கம்பங்கள் ஒன்றைவிட ஒன்று குட்டையாகிப் போய்க் கடைசியில் குண்டூசி ஆயின. ஒரு நாள் தரையில் டம்ளர்களை வரிசையாக வைத்து வரைந்துகொண்டிருந்தேன். தூரத்தில் இருக்கும் டம்ளரின் அடிப்பாகம் தாளில் மேலே ஏறி, அடிவானத்தின் பக்கம் போனது. அதை மாமாவிடம் சொன்னேன். அவர் என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கித் தரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். எந்தக் கட்டத்தில் டம்ளர் நிற்கிறது என்று அடியைப் பார்த்துக் கையை நீட்டினார். பிடித்துவிட்டார். டம்ளரை மாற்றி மாற்றி வைத்தேன். பத்தில் எட்டு முறை பிடித்தார்.

இதன் உபயோகம் அம்மாவுக்குத்தான் உடனே தெரிந்தது.

அதற்கு முந்தைய மாதம் மாமாவுக்கு விருதுநகரில் ஒரு பெண் பார்க்கப் போயிருந்தார்கள். காப்பி டம்ளரை எடுக்கக் கை நீட்டிய மாமா காற்றைப் பிடித்து, அடுத்த முயற்சியில் டம்ளரைத் தட்டிவிட்டதில் பெண்ணின் அப்பா வேட்டியில் காப்பி கொட்டிவிட்டது. ஏன் என்று கேட்டார்கள். மாமா உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. ஊருக்குள் சிலர் மாமாவை அவர் இல்லாத இடத்தில் வேறொரு பேரால் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

இப்போது ஆலங்குளத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பெண் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் கம்ப்யூட்டரில் பட்டாசு லேபிள் டிசைன் செய்கிறாள். அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவ யாரும் வாயத் தொறக்கப்பிடாது."

"சொல்லிருவோம்க்கா," என்றார் மாமா.

"சொல்லி என்னத்தக் கண்ட?"

"தெரியாமக் கட்டிக்கிட்டு வந்து, நாளைக்கு அந்தப் பிள்ள என்ன நெனைக்கும்?"

"நாளைக்கு நெனைக்கிறத நாளைக்குப் பாத்துக்கிடலாம். ஒன்ன இப்படிச் செவரப் பாத்து ஒக்கார வச்சிட்டு நான் எப்படிலே நிம்மதியாச் சாவேன்?" அம்மா அழுதுகொண்டே மிரட்டினாள். அப்பா எப்போதும்போல இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத் தலையாட்டினார். அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மாமாவுக்குக் கண் தெரியாது என்கிற வார்த்தை என் வாயிலிருந்து வரக்கூடாது. வராது என்றேன்.

ஆலங்குளத்துக்கு நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில் போனோம். சிமெண்டுக்கான சுண்ணாம்புக் கற்கள் ஏற்றிய லாரிகள் போய் வருகிற ஊர். சாலையோரத்து இலைகளெல்லாம் மாவு பூசிய மாதிரி வெளுத்திருந்தன. அந்த வெளிச்சத்தில் ஊரே கொஞ்சம் அழித்துவிட்டு மறுபடி வரையக் காத்திருக்கும் படம்போல இருந்தது. பெண்ணின் அப்பா லாரி டிரைவர். "வாங்க, வாங்க, வெயில்ல வந்திருக்கீக" என்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார். அம்மா அந்த நாற்காலிகளையும் நடுவில் இருந்த ஸ்டூலையும் ஒரு போர்க்களத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்து, மாமாவைச் சுவரோரமாக உட்காரவைத்தாள். என்னிடம், "உள்ள போயி அந்தக்கா கூட இரு" என்றாள். பெரியவர்கள் பேசும் இடத்திலிருந்து என் வாயை அப்புறப்படுத்துவதற்காக அவள் செய்த ஏற்பாடு அது.

உள்ளறையில் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு, அந்தக்கா கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தார். பயந்தவர் மாதிரி தெரியவில்லை, சலித்தவர் மாதிரி இருந்தது. என் கையிலிருந்த நோட்டைப் பார்த்து, "என்னது பாப்பா?" என்றார். கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முதல் பக்கத்து வெள்ளத்தைப் பார்த்துச் சிரித்தார். அடுத்தடுத்த பக்கங்களில் சிரிப்பு நின்று, முகம் நோட்டுக்குக் கிட்டே குனிந்தது.

"வானிஷிங் பாயிண்ட் யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு?"

"அப்படின்னா?"

"இந்தப் புள்ளி. எல்லாக் கோடும் போயிச் சேருதுல்ல, இது."

அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நாங்கள் வெயிலில் நடந்து துரத்தியதை யாரோ முன்பே பிடித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. "யாரும் சொல்லித் தரலக்கா. நானும் மாமாவும் ரோட்டுல போய்த் தேடினோம்" என்றேன்.

"தேடினீகளா?" அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "நாங்க மௌஸ்ல இழுத்துவிட்ருவோம். ராக்கெட் டப்பா எல்லாம் அப்படித்தான் போடுறது. நீங்க எப்படிப் புடிச்சீக?"

எப்படி என்று காட்டினேன். அவர் தையல் டப்பாவிலிருந்து நூல் எடுத்துக் கொடுத்தார். அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே கல்குவாரிக்குப் போகிற வெள்ளைச் சாலை நேராக ஓடியது. குறுக்கு நூலைக் கட்டி, சாய்வு நூல்கள் இரண்டையும் கட்டினோம். பட்டுச்சேலையோடு அவர் மண்டியிட்டு ஜன்னல் கட்டையில் நாடியை வைத்தார். பூச்சரம் சரிந்து தோளில் விழுந்தது.

"ரெண்டு ரெண்டாத் தெரியுதே."

"ஒத்தக் கண்ண மூடணும்க்கா."

மூடினார். "அட, ஆமா!" பின்பு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போய், சின்னதாகி, இரண்டு நூலும் சேர்ந்த இடத்தில் கரைந்தது. "எல்லாரும் இப்படி மூடித்தான் பாக்கணுமா?"

"ஆமாக்கா. நானும் மூடணும், எங்கம்மாவும் மூடணும். மாமா மட்டும் மூட வேண்டாம்."

அவர் கண்ணைத் திறந்தார். "ஏன்?"

"மாமாவுக்கு மூடாமலே ஒத்த நூலாத்தான் தெரியும்," என்றேன் பெருமையாக. மாமாவுக்கு இருந்த திறமைகளில் ஒன்றையாவது பெண் வீட்டில் சொல்லிவைக்க வேண்டும் என்பது என் எண்ணம். கண் தெரியாது என்கிற வார்த்தையை நான் சொல்லவில்லை. சத்தியத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

அந்தக்கா மாமா இருந்த கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அவசரமில்லாமல் விரலில் சுற்றினார். வெளியிலிருந்து அவருடைய அம்மா காப்பிக்குக் கூப்பிட்டார்.

நான் ஓடிப்போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அந்தக்கா தட்டோடு அறையிலிருந்து வெளியே வந்தபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. நாங்கள் பழகியதெல்லாம் தரையில் வைத்த டம்ளர். தட்டில் வரும் டம்ளருக்குத் தரை கிடையாது. கட்டம் கிடையாது. அது காற்றில் நிற்கிறது, நகர்ந்துகொண்டும் இருக்கிறது. மாமாவைப் பார்த்தேன். அவருக்கும் அதே நொடியில் அது தெரிந்திருக்க வேண்டும். வலது கை முழங்காலிலிருந்து எழுந்து, பாதி வழியில் நின்றது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக்கா நேராக மாமாவிடம் வந்தார். தட்டை நீட்டவில்லை. இடது கையில் தட்டைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் டம்ளரை எடுத்து, பாதியில் நின்றிருந்த அந்தக் கைக்குள் கொண்டுபோய் வைத்தார். மாமாவின் விரல்கள் சுற்றிலும் மூடுகிற வரைக்கும் டம்ளரை விடவில்லை. எல்லோருக்கும் முன்னால் அப்படிக் கையில் கொடுப்பது வழக்கமில்லை. அவருடைய அம்மாவின் முகம் சுருங்கியது. "பிள்ளைக்கு நல்ல மருவாத தெரிஞ்சிருக்கு" என்று என் அப்பா அவசரமாகச் சொல்லிச் சமாளித்தார். அன்று முழுக்க அவர் பேசிய ஒரே வார்த்தை அது. அம்மா மூச்சை விட்டாள். எனக்கோ, இத்தனை நாள் பழகியதைக் காட்ட மாமாவுக்கு ஒரு வாய்ப்பே கிடைக்காமல் போய்விட்டதே என்று ஏமாற்றமாக இருந்தது.

சம்மதமா என்று கேட்டதற்கு, வேலைக்குப் போவதை நிறுத்த மாட்டேன், அதற்குச் சரி என்றால் சம்மதம் என்று அந்தக்கா சொன்னார். அம்மா அங்கேயே அவரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வாரத்தில் நிச்சயம் நடந்தது.

வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்க, மாமா மட்டும் நாளாக நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நிச்சயம் முடிந்து ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, கலர் பென்சில் வாங்கித் தருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைச் சிவகாசிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சலவைச் சட்டை போட்டிருந்தார். பஸ்ஸில் வழி முழுக்க என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தார். கூட்டத்தில் நான் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்தேன். பஸ்ஸில் கூட்டமே இல்லை. கிடைத்த ஒரு நல்லதைத் தானே போய்த் திருப்பிக் கொடுத்துவிட ஒரு மனிதர் போய்க்கொண்டிருந்தார் என்பது பதினோரு வயதுக்கு எப்படித் தெரியும்?

மத்தியானச் சாப்பாட்டு நேரம். வரிசையாக அச்சாபீசுகள் இருந்த தெரு. மை வாசனையும் புதுக் காகித வாசனையும் சேர்ந்து அடித்தது. உள்ளே மிஷின்கள் ஒரே தாளத்தில் தூங்கவைக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. மாமா என்னை ஒரு கூல்டிரிங்ஸ் கடை பெஞ்சில் உட்காரவைத்து, ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, "இங்கனயே இரு தாயி, அத்தைகிட்ட ஒரு வார்த்த பேசிட்டு வந்துர்றேன்" என்றார். நிச்சயம் ஆனதிலிருந்து அந்தக்கா எனக்கு அத்தை ஆகியிருந்தார். அத்தை அச்சாபீஸ் கேட்டிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார். இரண்டு பேரும் தெருக்கோடிக்கு நடந்தார்கள். காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த ஒரு சுவருக்குப் பக்கத்தில், என் கட்டைவிரல் அளவுக்குச் சின்னதாகி, நின்றார்கள்.

மாமா தலையைக் குனிந்துகொண்டு பேசினார். நிறைய நேரம் பேசினார். பிறகு அத்தை ஏதோ சொல்ல, மாமா சட்டென்று நிமிர்ந்தார். அத்தை தெருவின் இந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த என் பக்கமாகக் கையைக் காட்டினார். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். ஒருமுறை துடைத்து, மறுபடியும் துடைத்தார்.

அங்கே என்ன பேசினார்கள் என்று அத்தை எனக்குச் சொன்னது நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், ஒரு மத்தியானம் வெங்காயம் உரித்துக்கொண்டே.

"எனக்கு எடது கண்ணு தெரியாது. மறச்சது தப்பு. இப்ப நீங்க வேண்டாம்னு சொன்னாலும் அது நியாயம்தான்," என்றாராம் மாமா.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்களா வந்து சொல்லுவீகளா மாட்டீகளான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். பத்திரிக்க அடிக்கிற வரைக்கும் பாக்கலாம், சொல்லலேன்னா கல்யாணத்த நிப்பாட்டிரலாம்னு இருந்தேன்," என்றாராம் அத்தை.

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"அந்தா, ரோஸ்மில்க் குடிச்சுக்கிட்டு இருக்காகள்ல, அவுகதான்."

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், தூரத்தில் இருந்து இரண்டு பேரும் மெதுவாக நடந்து வர வர மறுபடியும் பெரிய ஆட்கள் ஆனதும், அத்தை என் கன்னத்தைக் கிள்ளியதும், மாமா இன்னொரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்ததும்தான். கலர் பென்சில் வாங்க இரண்டு பேருக்கும் மறந்துபோய்விட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமாவிடம் கேட்டேன். "அத்தை ஏன் மாமா என்னப் பாத்துச் சிரிச்சாக?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ அன்னைக்கு நோட்டுல வரைஞ்சிருந்தேல்ல, அது அம்புட்டு அழகா இருந்துச்சாம்," என்றார்.

எனக்குத் தெரியும் என்பதுபோலத் தலையாட்டினேன். மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். என் படத்தைப் பார்த்துத்தான் எங்கள் அத்தை மாமாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார் என்று எத்தனையோ வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். யாராவது சந்தேகப்பட்டால் சண்டைக்கும் போனேன்.